டச்சு குடும்பப் படங்கள்ல கறுப்புத் துணி, நாய்க்குட்டி, திராட்சைக் கொத்து: யாருக்காக இதெல்லாம்?

டச்சு ஓவியர் ஃப்ரான்ஸ் ஹால்ஸ் 1622 வாக்குல வரைஞ்ச ஒரு ஜோடிப் படம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்துல இருக்கு. ஹார்லெம் ஊரு ஐசக் மாசாவும் அவர் மனைவி பியாட்ரிக்ஸ் வான் டெர் லானும்தான் அதுல இருக்கறவங்கனு பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க, அந்த வருஷம் ஏப்ரல்லதான் அவங்களுக்குக் கல்யாணம் ஆச்சு. மாசா ரஷ்யா வியாபாரத்துல சம்பாதிச்சவர், மாஸ்கோ சைபீரியா பக்கத்து மேப் எல்லாம் கொண்டு வந்து கொடுத்தவர். படத்துல ரெண்டு பேரும் மரத்தடியில சாஞ்சு உக்காந்து சிரிச்சிட்டிருக்காங்க. அவர் கை நெஞ்சு மேல, அந்தம்மா கை அவர் தோள் மேல, விரல்ல மோதிரம் பளிச்சுனு தெரியுது. அவர் பக்கம் கீழ ஒரு முள்செடி, அது புருஷனோட விசுவாசத்துக்கு அடையாளம். அந்தம்மா பக்கம் ஐவி கொடி, எதையாவது பிடிச்சுக்கிட்டுதான் அது வளரும், விட்டுப் போகாது, அதனால கல்யாணத்துக்கு அது பொருந்தும். தூரத்துல ஒரு தோட்டம், நீரூற்று, ஜோடி ஜோடியா நடக்கற ஆளுங்க, மயில். மயில் ரோமானியர்களோட கல்யாண தெய்வம் ஜூனோவோட பறவை.

இதோட நிறைய பேர் நிறுத்திக்கறாங்க. செடி இருந்தா இந்த அர்த்தம், பறவை இருந்தா அந்த அர்த்தம்னு அகராதி மாதிரி படிச்சுட்டுப் போயிடறாங்க. எனக்கு அது பத்தலனு தோணுது. ஏன்னா அந்த மயிலும் நீரூற்றும் மார்பிள் வேலைப்பாடும் கல்யாணத்தைப் பத்தி மட்டும் பேசல, பணத்தைப் பத்தியும் பேசுது. அந்தத் தோட்டமே கற்பனை, ஆனா எந்த மாதிரி கற்பனைங்கறதுதான் விஷயம், பிரபுக்கள் வீட்டுத் தோட்டத்தை ஒரு வியாபாரி தன் முதுகுக்குப் பின்னாடி வரையச் சொல்லியிருக்கார். டச்சு குடும்பப் படங்கள் நிறையத்துல இப்படித்தான் நடக்குது: ஒரே பொருள் 'நாங்க ஒழுக்கமானவங்க'னும் சொல்லும், 'நாங்க வசதியானவங்க'னும் சொல்லும். ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்ல வேண்டிய கட்டாயம் அந்த ஊர்க்காரங்களுக்கு இருந்துச்சு.

ஏன் அந்தக் கட்டாயம்னு கேட்டா, கொஞ்சம் பின்னாடி போகணும். ரொம்பப் பழைய காலத்துல குடும்பப் படம்னா பெரும்பாலும் சர்ச்சுல இருக்கற பீடப் படத்தோட ஓரம்தான், காசு கொடுத்தவர் ஒரு பக்கம் மகன்களோட முட்டி போட்டிருப்பார், மனைவி மறுபக்கம் மகள்களோட. 1530 வாக்குல மார்ட்டென் வான் ஹேம்ஸ்கெர்க் ஒரு குடும்பத்தை சாப்பாட்டு மேசையைச் சுத்தி உக்கார வெச்சு வரைஞ்சார், ரொட்டி, பழம், வைன் எல்லாம் மேசை மேல, இப்ப அது ஜெர்மனியில காசெல் மியூசியத்துல இருக்கு, ரொம்ப முன்னோடியான படம். அப்புறம் 1566ல சர்ச்சுகள்ல சிலைகளையும் படங்களையும் உடைச்சுத் தள்ளின கலவரம், ஸ்பெயின் ராஜாவுக்கு எதிரான போர், கடைசியில நெதர்லாந்தோட வட பகுதி தனிக் குடியரசாச்சு. சர்ச்சு படம் ஆர்டர் பண்றது நின்னு போச்சு. பெரிய ராஜசபையும் கிடையாது. அப்ப ஓவியருக்கு வேலை கொடுத்தது யாரு? துணி வியாபாரி, பீர் காய்ச்சறவர், கப்பல்ல பங்கு வெச்சிருந்தவர், நகர நிர்வாகத்துல இருந்த ரீஜென்ட் குடும்பங்க. இவங்கள்ல நிறைய பேருக்கு பரம்பரைப் பட்டம் இல்ல, ரெண்டு தலைமுறைக்கு முன்னாடி சாதாரணமா இருந்த குடும்பங்கதான். தாங்க யாருங்கறதை ஊருக்குக் காட்ட அவங்களுக்குப் படம் வேணும். அதே சமயம் கால்வினிச (கண்டிப்பான புராட்டஸ்டண்ட் பிரிவு) பாதிரியார்கள் பிரசங்கத்துல ஆடம்பரத்தைத் திட்டிக்கிட்டே இருந்தாங்க. காட்டணும், ஆனா காட்டற மாதிரி தெரியக் கூடாது.

இதுக்குக் கறுப்புத் துணியை விட நல்ல உதாரணம் கிடையாது. 1620, 30கள்ல வரைஞ்ச படங்களைப் பாத்தா எல்லாரும் கறுப்பு, கழுத்துல வெள்ளைக் காலர், அவ்ளோதான், எவ்ளோ எளிமையான ஜனங்கனு நினைக்கத் தோணும். ஆனா அந்தக் காலத்துல ஆழமான, வெளுக்காத கறுப்பு சாயம் ஏத்தறது ரொம்பச் செலவான வேலை. மட்டமான கறுப்பு இரும்புச் சத்தும் கடுக்காய் மாதிரி துவர்ப்புள்ள காய்களும் போட்டு ஏத்தறது, அது கொஞ்ச நாள்ல பழுப்படிச்சுப் போகும், துணியையும் அரிச்சுடும். நல்ல கறுப்புனா முதல்ல நீலம் ஏத்தி, அதுக்கு மேல மறுபடி மறுபடி சாயம் முக்கி எடுக்கணும். அந்தக் கறுப்புலயே பட்டு தனி, வெல்வெட் தனி, கம்பளி தனி, பூ வேலைப்பாடு போட்டு நெய்தது தனி. பக்கத்துல நின்னு பாக்கறவனுக்கு அது எல்லாம் தெரியும், தூரத்துல நிக்கற பாதிரியாருக்கு வெறும் கறுப்பு. ஹால்ஸ் இந்த வித்தியாசத்தைப் பிடிச்சதுல ராஜா, அவர்கிட்ட 27 வகைக் கறுப்பு இருக்குனு வான் கோ ஒரு கடிதத்துல எழுதியிருக்கார்.

வெள்ளைக் காலரும் அதே கதைதான். மடிப்பு மடிப்பா ஆட்டுக்கல்லு சைஸுக்கு கழுத்தைச் சுத்தி நிக்குதே, அதுக்கு மெல்லிசான லினன் மீட்டர் கணக்குல போகும். அதை விட முக்கியம், அதைத் துவைச்சு, கஞ்சி போட்டு, சூடான கம்பி விட்டு ஒவ்வொரு மடிப்பையும் நிமித்தி வெக்க ஆள் வேணும். அந்தக் காலர் போட்டுக்கிட்டு யாரும் அடுப்படியில நிக்க முடியாது. ஆக படத்துல வேலைக்காரி இல்லாட்டியும் அவளோட உழைப்பு கழுத்துல இருக்கு.

ரெம்ப்ராண்ட் 1634ல வரைஞ்ச மார்ட்டென் சோல்மன்ஸ், ஓப்யென் காப்பிட் ஜோடி படத்தை இந்தக் கண்ணோட பாக்கணும். ரெண்டு தனித்தனிப் படம், ரெண்டும் ஆளுயரம், தலையிலேர்ந்து ஷூ வரைக்கும். இந்த முழு உயர வடிவம் ராஜா ராணிகளுக்கும் பிரபுக்களுக்கும்தான் வழக்கமா இருந்துச்சு, இங்க இருபது வயசு சொச்சத்துல இருக்கற, புதுசா கல்யாணமான பணக்கார ஜோடி அதை எடுத்துக்குது. கறுப்பு உடை, ஆனா அதுல லேஸ் காலர், காலுல லேஸ் கட்டு, ஷூ மேல பூ மாதிரி பெரிய ரொசெட். மார்ட்டென் கையில ஒரு கையுறையை எடுத்து மனைவி பக்கம் நீட்டறார். கல்யாணத்துல கையுறை கொடுக்கறது வழக்கம், அதனால அது கல்யாண அடையாளம். நல்ல தோல் கையுறை போடறவன் கையால வேலை செய்யறவன் இல்ல, அதனால அது அந்தஸ்தும் கூட.

இந்த ரெண்டு படத்தையும் 2016ல ஃப்ரான்ஸும் நெதர்லாந்தும் சேந்து 160 மில்லியன் யூரோ கொடுத்து வாங்கினாங்க. ஆனா படத்துல இல்லாத ஒண்ணுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. அந்தக் காசு சர்க்கரையிலேர்ந்து வந்தது. மார்ட்டெனோட அப்பா ஆம்ஸ்டர்டாம்ல சர்க்கரை ஆலை வெச்சிருந்தவர், அங்க வந்த கச்சா சர்க்கரை பிரேசில்ல ஆப்பிரிக்க அடிமைகளோட உழைப்புல விளைஞ்சது. மார்ட்டென் 1641ல இறந்த பிறகு ஓப்யென் ரெண்டாவதா கல்யாணம் பண்ணிக்கிட்ட மார்ட்டென் டே (இவர் வேற மார்ட்டென்) பிரேசில்ல சிப்பாயா இருந்தவர், அங்க ஃப்ரான்சிஸ்காங்கற அடிமைப் பெண்ணை அடைச்சு வெச்சு பலாத்காரம் பண்ணி அவளுக்குக் குழந்தை பிறந்தது ஆவணத்துல பதிவாகியிருக்கு. 2021ல ரைக்ஸ் மியூசியம் அடிமை முறை பத்தி நடத்தின கண்காட்சியில ஓப்யெனோட கதையை எடுத்துச் சொன்னாங்க, நல்ல காரியம் பண்ணாங்க. லேஸ் எவ்ளோ அழகா வரைஞ்சிருக்குனு பேசறதோட நிறுத்தினா படத்துல பாதிதான் பாத்திருக்கோம்.

ஜோடிப் படங்கள்ல யாரு எந்தப் பக்கம்ங்கறதுக்கும் விதி இருந்துச்சு. பாக்கற நமக்கு இடது பக்கம் புருஷன், வலது பக்கம் மனைவி, அதாவது மனைவிக்கு வலப்பக்கத்துல புருஷன் இருப்பார். வலப்பக்கம்தான் மரியாதையான பக்கம், சர்ச்சுப் படங்கள்லேர்ந்து வந்த வழக்கம் அது. ஜோடி பிரிஞ்சு ஒரு படம் மட்டும் ஒரு மியூசியத்துல தனியா இருந்தா கூட, ஆள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கார்னு பாத்து துணைப் படம் எந்தப் பக்கம் இருந்திருக்கும்னு சொல்லிடலாம்.

குழந்தைகள் வந்த உடனே படம் இன்னும் சுவாரசியமாகுது. ஆம்பளைப் பிள்ளைகளும் ஆறேழு வயசு வரைக்கும் பாவாடைதான் போட்டிருப்பாங்க, அதனால பெயர் தெரியாத படங்கள்ல பையனா பொண்ணானு குழப்பம் வரும், காலர் வடிவம், மார்புக்குக் குறுக்கப் போட்ட தங்கச் சங்கிலி, கையில இருக்கற விளையாட்டு சாமான் இதெல்லாம் வெச்சுதான் முடிவு பண்றாங்க. கைக்குழந்தை கையில வெள்ளிக் கிலுகிலுப்பை இருக்கும், அதுல பவளமோ ஓநாய்ப் பல்லோ பதிச்சிருப்பாங்க, பல்லு முளைக்கறப்ப கடிக்கறதுக்கும் ஆச்சு, கெட்டது அண்டாமக் காக்கறதுக்கும் ஆச்சு, வெள்ளிங்கறதால வீட்டு வசதியைக் காட்டறதுக்கும் ஆச்சு. குழந்தை பக்கத்துல நாய்க்குட்டி இருந்தா அது விசுவாசம்னு மட்டும் எடுத்துக்கக் கூடாது. நாயைப் பழக்கற மாதிரி பிள்ளையையும் சின்னதுலயே பழக்கணும்னு அந்தக் காலத்து நீதிப் படப் புத்தகங்கள் சொல்லிட்டே இருந்துச்சு, அதனால பின்னங்காலுல நிக்க நாய்க்குச் சொல்லிக் கொடுக்கற குழந்தை படத்துல வந்தா, பெத்தவங்க 'நாங்க ஒழுங்கா வளக்கறோம்'னு சொல்றதா அர்த்தம். ஆட்டு வண்டியும் அப்படித்தான், அடங்காத மிருகத்தைக் கடிவாளம் போட்டு ஓட்டறது.

திராட்சைக் கொத்தைப் பத்தி தனியா சொல்லணும். நிறைய குடும்பப் படங்கள்ல மனைவியோ மகளோ திராட்சைக் கொத்தைக் காம்பைப் பிடிச்சுத் தூக்கிக் காட்டறாங்க, பழத்தைத் தொடாம. அந்தக் காலத்துல வீட்டுக்கு வீடு படிக்கப்பட்ட கவிஞர் யாக்கப் காட்ஸ், திராட்சையைக் காம்பைப் பிடிச்சுதான் தூக்கணும், இல்லாட்டி பழத்து மேல இருக்கற மெல்லிய பூச்சு கெட்டுடும், பெண்ணோட கற்பும் அப்படித்தான், கல்யாணம்ங்கற காம்பு வழியாதான் அணுகணும்னு எழுதினார். 1970கள்ல எடி டி யோங்ங்கற கலை வரலாற்றாளர் இந்தத் தொடர்பை எடுத்துக் காட்டினார், அதுக்கப்புறம் டச்சு ஓவியத்தைப் பாக்கற விதமே மாறிப் போச்சு, எல்லாப் பொருளுக்குப் பின்னாடியும் நீதி தேட ஆரம்பிச்சாங்க. 1980கள்ல ஸ்வெட்லானா ஆல்பெர்ஸ்ங்கற இன்னொரு கலை வரலாற்றாளர் அதை எதிர்த்தாங்க, டச்சுக்காரங்க கண்ணால பாக்கறதையே ஒரு அறிவா மதிச்சவங்க, படத்தை ஒளிச்சு வெச்ச பிரசங்கமா படிக்காதீங்கனு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. என்னோட கருத்து, திராட்சை பக்கத்துல ஒரு புது ஜோடி இருந்தா அர்த்தம் பலமா இருக்கு, மேசை மேல சும்மா ஒரு தட்டுல இருந்தா அது பழம்.

இப்ப வான் காம்பன் குடும்பப் படத்துக்கு வரேன், எனக்கு இந்த வகையிலயே ரொம்பப் பிடிச்சது அதுதான். 1620கள் நடுவுல ஹால்ஸ் வரைஞ்சார். கிஸ்பெர்ட் வான் காம்பன் ஹார்லெம்ல துணி வியாபாரி, அவர், மனைவி மரியா, அப்புறம் பிள்ளைகள், பிள்ளைகள், பிள்ளைகள். தோட்டத்துல எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சு, கை நீட்டி, சிரிச்சு, ஒருத்தரும் சும்மா நிக்கல. முழுப் படம் மூணு மீட்டருக்கு மேல அகலம். இவ்ளோ பிள்ளைகளும் உயிரோட, கொழுகொழுனு இருக்கறதே அந்தக் காலத்துல ஒரு பெரிய பெருமை, பிறந்த குழந்தைகள் நிறைய தக்காத காலம் அது. படம் வரைஞ்சு முடிஞ்ச பிறகு வீட்டுல இன்னொரு குழந்தை பிறந்துச்சு. என்ன பண்றது? சாலமன் டி பிரே என்ற இன்னொரு ஓவியரைக் கூப்பிட்டு 1628ல இடது பக்கக் கீழ் மூலையில அந்தக் குழந்தையைச் சேக்க வெச்சாங்க, அவர் கையெழுத்தும் வருஷமும் போட்டு வெச்சிருக்கார். பாத்தாலே தெரியும், மத்த பிள்ளைகள் எல்லாம் ஹால்ஸோட வேகமான தூரிகையில துள்ளிட்டிருக்கு, இது மட்டும் வழவழனு பொம்மை கணக்கா தனியா உக்காந்திருக்கு. அழகுக்கு இடிச்சாலும் பரவால்ல, குடும்பக் கணக்குல ஒரு பிள்ளை விட்டுப் போகக் கூடாதுனு நினைச்சிருக்காங்க, அதுல எனக்கு அந்தப் பெத்தவங்க மேல ரொம்ப மரியாதை வருது.

பிற்காலத்துல அந்தப் படத்தைத் துண்டு துண்டா வெட்டிட்டாங்க. பெரிய துண்டு அமெரிக்காவுல டொலீடோ மியூசியத்துல, 2011ல வாங்கினாங்க. ஆட்டு வண்டியோட இருக்கற மூணு பிள்ளைகள் பிரஸ்ஸல்ஸ்ல. ஒரு பையனோட தலை மட்டும் தனியார் ஒருத்தர்கிட்ட. 2018ல டொலீடோவுல ஆரம்பிச்ச கண்காட்சியிலதான் மறுபடி பக்கம் பக்கமா வெச்சாங்க.

பிறந்ததைச் சேத்த மாதிரி இறந்ததையும் சேப்பாங்க. ஹேக் ஊர்ல யான் மெய்டென்ஸ் 1652ல வரைஞ்ச வான் டென் கெர்க்ஹோவன் குடும்பப் படத்துல, இறந்து போன குழந்தைகள் சின்னச் சின்ன தேவதைகளா மேல மேகத்துல இருக்காங்க, உயிரோட இருக்கற பிள்ளைகள் பெத்தவங்களோட கீழ. மூணு வருஷம் கழிச்சு 1655ல புதுசா பிறந்த ஒரு குழந்தையையும் சேத்தாங்க. யான் மீன்ஸ மோலெனார் 1630கள் நடுவுல தன் சொந்தக் குடும்பத்தை வாத்தியம் வாசிக்கற மாதிரி வரைஞ்சிருக்கார், ஹார்லெம்ல ஃப்ரான்ஸ் ஹால்ஸ் மியூசியத்துல இருக்கு. எல்லாரும் சேந்து வாசிக்கறது குடும்ப ஒத்துமைக்கு அடையாளம், பெத்தவங்க செவுத்துல படமா தொங்கறாங்க, ஒரு பையன் சோப்புக் குமிழ் ஊதறான், மனுஷ ஆயுசு அவ்ளோதாங்கறதுக்கு. யான் டி பிரே, மேல சொன்ன சாலமனோட மகன், 1652ல தன் அப்பா அம்மாவையே ஆண்டனி கிளியோபாட்ராவா விருந்துல உக்கார வெச்சு வரைஞ்சார். 1663-64 பிளேக்ல பெத்தவங்களும் கூடப் பிறந்தவங்க பல பேரும் போயிட்டாங்க. 1669ல அதே விஷயத்தைத் திரும்பவும் வரைஞ்சார். முதல் படத்துல ராஜா ராணி வேஷம் பெருமைக்காக இருந்திருக்கலாம், ரெண்டாவது படம் நினைவுச் சின்னம், ஒரே வேஷம்தான், ஆனா அர்த்தம் மாறிப் போச்சு.

மேசை மேல விரிச்ச துருக்கிக் கம்பளம், சீனப் பீங்கான், கிளி இதெல்லாம் கடல் வழியா வந்த சாமான்கள், எங்க கை எதுவரைக்கும் நீளும்னு காட்டறதுக்கு. கம்பளத்தைத் தரையில போட மனசு வராத அளவுக்கு விலை. ஆனா கடல் கடந்த அந்த வியாபாரத்தோட உண்மை முகம் தெரியணும்னா யாக்கப் குமான் 1665ல பட்டேவியாவுல, அதாவது இப்போதைய ஜகார்த்தாவுல, வரைஞ்ச குடும்பப் படத்தைப் பாக்கணும். பீட்டர் க்னோல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியோட மூத்த வியாபாரி. மனைவி கொர்னேலியா வான் நெய்யென்ரோட, ஜப்பான்ல ஹிராடோவுல இருந்த டச்சு வியாபாரிக்கும் ஒரு ஜப்பானியப் பெண்ணுக்கும் பிறந்தவங்க. அந்தம்மா முகத்தை அப்படியே வரைஞ்சிருக்கார் குமான், ஆனா உடுத்தியிருக்கறது சுத்தமா டச்சு ஃபேஷன். ரெண்டு மகள்களும் அப்படியே. ஓரத்துல, நிழல்ல, ரெண்டு அடிமைகள், பெண் கையில பழக்கூடை, ஆண் கையில கொடி, அவன் கூடையிலேர்ந்து ஒரு பழத்தை எடுக்கற மாதிரி இருக்கு. அவன்தான் பின்னாடி டச்சுக்காரங்களை எதிர்த்துப் போராடின சுராபதினு ஒரு கருத்து உண்டு, நிரூபணம் ஆகல.

பட்டேவியாவுல இருந்த அடிமைகள்ல நம்ம கரையிலேர்ந்து போனவங்களும் நிறைய. பழவேற்காட்டுல 1610லயே டச்சு கம்பெனி வந்தாச்சு, 1658ல நாகப்பட்டினமும் அவங்க கைக்குப் போச்சு, 1659-61 பஞ்சத்துல தஞ்சாவூர் சீமையில ஆயிரக்கணக்கானவங்களை விலைக்கு வாங்கி கப்பல்ல ஏத்தினாங்க. அதே கப்பல்கள்லதான் சோழமண்டலக் கரையோட சீட்டித் துணியும் போச்சு. துணி எவ்ளோ கெஜம், என்ன ரகம்னு கம்பெனிக் கணக்குல விவரமா இருக்கு.

மாட்ரிட்ல தைசன் மியூசியத்துல இருக்கற, 1640கள்ல ஹால்ஸ் வரைஞ்ச குடும்பப் படத்துலயும் ஒரு ஆப்பிரிக்கப் பையன் இருக்கான். டச்சு மண்ணுல அடிமை முறை அதிகாரபூர்வமா கிடையாது, ஆனாலும் வீட்டு வேலைக்குனு கொண்டு வரப்பட்டவங்க இருந்தாங்க. படத்துல அவன் குடும்பத்தோட சேந்து நிக்கறான், பாக்கறவங்க அவனை வசதியோட அடையாளமா படிக்கணும்ங்கறதுக்காக. முள்செடியையும் மயிலையும் படிக்கற அதே கண்ணால ஒரு பையனைப் படிக்க வெச்சிருக்காங்க, இதை நினைச்சா மனசு கொதிக்குது.

1650க்கு அப்புறம் அடக்கமா இருக்கற மாதிரி காட்ட வேண்டிய தேவை குறைஞ்சுது. கறுப்பு போயி பளபளனு சாட்டின் வந்துச்சு. 1654ல பார்த்தொலோமியஸ் வான் டெர் ஹெல்ஸ்ட் வரைஞ்ச ஆப்ரஹாம் டெல் கோர்ட், மரியா டி கார்ஸ்கீட்டர் ஜோடி படம் ராட்டர்டாம்ல இருக்கு, டெல் கோர்ட் துணி வியாபாரி, மனைவி போட்டிருக்கற வெள்ளை சாட்டின்தான் படத்துல முக்கால்வாசி வெளிச்சம். ரீஜென்ட் குடும்பங்க கிராமத்துல மாளிகை வாங்கினாங்க, படத்துல வேட்டை நாயும் அடிச்ச முயலும் வந்துச்சு. வேட்டை பிரபுக்களோட சட்ட உரிமை, அதனால பையன் கையில வேட்டைச் சாமான் கொடுக்கறதே 'நாங்களும் அந்த வகையறா'னு சொல்றதுதான்.

இந்தப் படங்கள்ல பல, வந்தவங்களை உக்கார வெக்கற முன் அறையில தொங்கின. வீட்டுக்காரர் இறந்து சொத்துப் பட்டியல் எடுக்கறப்ப மத்த ஓவியங்களுக்கு விலை போட்டவங்க, குடும்பப் படங்களுக்குப் பல இடத்துல விலையே போடல, வெளி ஆளுக்கு அது எதுக்கு, பிள்ளைகளுக்குப் போகட்டும்னு விட்டுட்டாங்க. பேரப்பிள்ளைகள் காலத்துல யாரு யாருனு மறந்து, நூறு இருநூறு வருஷத்துல ஏலத்துக்கு வந்து, பெயர் இல்லாம மியூசியத்துக்குப் போயிருச்சு. இப்ப ஆராய்ச்சியாளர்கள் ஓரத்துல எழுதின வயசு, குலச் சின்னம், ஞானஸ்நானப் பதிவேடு, பிள்ளைகளோட எண்ணிக்கை இதெல்லாம் ஒப்பிட்டுப் பாத்து பெயரைத் திரும்பக் கண்டுபிடிக்கறாங்க. பெர்லின்ல இருக்கற காப்ரியெல் மெட்சு வரைஞ்ச குடும்பப் படத்தை ரொம்ப நாள் மேயர் வால்கெனியர் குடும்பம்னு சொல்லிட்டிருந்தாங்க, இப்ப அது துணி வியாபாரி யான் ஹின்லோபன் குடும்பம்னு ஏத்துக்கிட்டிருக்காங்க. லண்டன் நேஷனல் கேலரியில இருக்கற ஹால்ஸ் வரைஞ்ச பெரிய குடும்பப் படத்துக்கு இன்னும் பெயர் கிடைக்கல.